சான்றின் காலமும் செய்தியின் காலமும்: பொருநைக் கரையிலிருந்து பழைய உலக வரலாறு எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ வள்ளியூரிலோ இருந்துகொண்டு, பண்டை நாகரிகங்களையும் கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளையும் பற்றி எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள முடியுமா என்று கேட்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் எகிப்தையும் ரோமையும் எருசலேமையும் பற்றிப் பிறர் எழுதியவற்றைச் சுருக்கித் தமிழில் தருவதோடு நின்றுவிட்டால் அது வரலாறு எழுதுவது ஆகாது. எந்தச் சான்றுக்கும் இரண்டு காலங்கள் உண்டு: அது உருவான காலம் ஒன்று, அது பேசுகிற காலம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கமே இத்தொழிலின் அடிப்படை. அதை முதலில் நம் மண்ணிலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலிருந்து தொடங்குங்கள். 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் அங்கே தோண்டினார்; 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார்; 2004-ஐ ஒட்டி இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து இறந்தோரை இட்டுப் புதைத்த முதுமக்கள் தாழிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கண்டது. அங்கே போய் ஒரே ஒரு தாழியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதன் வாய்விளிம்பு எப்படி இருக்கிறது, உள்ளே கருப்பு-சிவப்புக் கிண்ணம் இருந்ததா, இரும்புக் கருவி இருந்ததா, உமி ஒட்டியிருந்ததா என்று கண்ணுக்குத் தெரிவதையும் அகழாய்வு அறிக்கை சொல்வதையும் மட்டும் எழுதுங்கள். “இவர்கள் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள்” என்ற வாக்கியம் தானாகவே பேனா முனைக்கு வரும். அதை அந்தத் தாழி சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டு நிறுத்துங்கள். சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோது, நம்மில் பலர் அந்த ஆண்டைப் பொருநை நாகரிகம் முழுவதற்கும் உரிய ஆண்டாகவே எழுதிவிட்டோம். அது அந்த உமியின் காலம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை வேறு சான்றுகள் சொல்ல வேண்டும். மேல்மண்ணில் கிடக்கும் ஓட்டுத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தை விட்டு வந்த ஓடு பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இன்னும் நல்ல பயிற்சிக்களம். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கரிமக் கணிப்பு தந்த காலம் கி.மு. 785. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் போற்றுகின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் புவியியல் நூலில் இத்துறையைக் கொல்கோய் என்று குறித்திருக்கிறார். கரி, பாட்டு, கிரேக்க நூல் ஆகிய மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவைதாம். ஆனால் மூன்றும் ஒரே காலத்துச் சாட்சிகள் அல்ல. இவற்றை ஒரே பத்தியில் குழைத்து “பழங்காலத்தில் கொற்கை” என்று எழுதுகிறவர், நாளைக்குச் சுவிசேஷங்களையும் அதே போலத்தான் கையாள்வார்.

இனி ரோமப் பேரரசுக்கு வருவோம். கிறிஸ்தவரல்லாத ஒருவர் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியவற்றுள் நான் முதலில் படிக்கச் சொல்வது, கி.பி. 112-ஐ ஒட்டி இளைய பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம். இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த அவர், தம்முன் கொண்டுவரப்பட்டவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் கேட்கிறார். அவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடினார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை எழுதுகிறார். சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் எவ்விதத் தயக்கமும் இன்றி எழுதுகிறார். தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகாரை ஏற்க வேண்டாம் என்பது டிராஜனின் பதில். நம் மாவட்டத்துப் பழைய கலெக்டர்கள் சென்னைக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் உடனே பிடிபடும்: மேலதிகாரிக்கு எழுதுகிற அதிகாரி தம் நடவடிக்கை சரிதான் என்று காட்டிக்கொள்ளவும் எழுதுகிறார். அதைக் கணக்கில் கொண்டால், அவர் சற்றும் கவலைப்படாமல் சொல்லிச் செல்கிற செய்திகள்தாம் நமக்கு மிகவும் பயன்படும். அந்த இரு பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. ஆதிச் சபையில் பெண்களின் இடம் பற்றி எழுதுகிற எவரும் அவர்களைக் கடந்து போகக் கூடாது.

புதிய ஏற்பாட்டைக் கையாளும்போது காலங்கள் இரண்டல்ல, மூன்று. இயேசு சிலுவையில் அறையுண்டது கி.பி. 30-ஐ ஒட்டி; பவுலின் கடிதங்கள் 50-களைச் சேர்ந்தவை; நான்கு சுவிசேஷங்களும் பெரும்பாலும் 70-க்கும் 100-க்கும் இடைப்பட்டவை என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. நம் கைக்குக் கிடைத்துள்ள படிகள் அவற்றுக்கும் பிற்பட்டவை. மான்செஸ்டரில் உள்ள ஒரு பாப்பிரஸ் (பண்டைய நாணல்தாள்) துண்டு ஒன்பது சென்டிமீட்டருக்குமேல் நீளமில்லாதது. யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள் இருபுறமும் உள்ளன. இரண்டாம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. பிலாத்துவின் முன் நடந்த விசாரணை, அதை எழுதியவர், அதைப் படியெடுத்தவர் என மூன்று காலத்து மனிதர்கள் அந்தச் சிறு துண்டில் இருக்கிறார்கள்.

இயேசுவின் சீடரான தோமா இந்தியாவுக்கு வந்தாரா என்பது நம் பக்கத்து வாசகர் எவரும் கேட்காமல் விடாத கேள்வி. குமரி மாவட்டத்தில் திருவிதாங்கோட்டிலுள்ள அரைப்பள்ளி என்னும் பழைய தேவாலயத்தை அவரே நிறுவினார் என்பது மரபு. தோமாவின் பணிகளைக் கூறும் பழைய நூல், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரமேயத்தின் ஒரு வடிவமான சிரியாக் மொழி வழங்கிய எதெசாப் பகுதியில் (இன்றைய துருக்கியின் தென்கிழக்கு) எழுந்தது. அதில் வரும் மன்னர் கொந்தபோரஸ் நாணயங்களாலும் கல்வெட்டாலும் உறுதிப்படும் உண்மையான வடமேற்கு இந்திய அரசர். இதிலிருந்து சொல்லத்தக்கது, நூலாசிரியருக்கு ஓர் உண்மை மன்னரின் பெயர் தெரிந்திருந்தது என்பதே. தோமா வந்தார் என்றோ வரவில்லை என்றோ இந்த ஒன்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மரபை மரபு என்றே, மதிப்போடு எழுதுங்கள். அதை நம்பி வழிபடும் மக்களும் வரலாற்றின் பகுதியே.

நம் கடற்கரைக்கு வந்தால் சான்றுகள் செழிக்கின்றன. முத்துக்குளித்துறைப் பரதவர்களைப் பிரான்சிஸ் சவேரியாரே மனந்திருப்பினார் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது 1530-களின் நடுவில்; முத்துக்குளிப்பு உரிமைச் சச்சரவில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சவேரியார் இங்கு வந்தது 1542-இல். அவருடைய கடிதங்களில் இரண்டு வகை உண்டு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமிலுள்ள தம் இயேசு சபைத் துறவியருக்கு எழுதியதில், மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டியதையும், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்ததையும் சொல்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள் இங்கே வர வேண்டும் என்று உருகுகிறார். அதே ஆண்டு மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் உடன் ஊழியர் மான்சில்யாசுக்கு எழுதிய சிறு கடிதங்களோ, அன்றாடத் தொல்லைகளால் நிறைந்தவை. வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படையினரின் படையெடுப்புக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிய மக்கள் பசியாலும் தாகத்தாலும் சாவதும், அவர்களுக்கு உதவத் தோணிகளோடு புறப்பட்டவரை எதிர்காற்று தடுத்ததும் அவற்றில்தான் வருகின்றன. இரண்டும் ஒருவர் எழுதியவையே, இரண்டும் உண்மையே. முதலாவது, படிப்பவரை இழுப்பதற்காக எழுதியது. மற்றது, மறுநாள் வேலைக்காக எழுதியது. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை எழுதுங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் தேறுவீர்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நாம் எழுதுவது உயிருள்ள மனிதர்களைத் தொடும் என்பதற்கு மிஷனரி கால்டுவெல்லே எடுத்துக்காட்டு. இடையன்குடியில் இருந்துகொண்டு 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் 1881-இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றையும் தந்த அந்தப் பேரறிஞர், பனையேறும் மக்களைப் பற்றி 1849-இல் எழுதிய சிறுநூல் அச்சமுதாயத்தாரைப் புண்படுத்திப் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதும் முன், அப்படிச் சொல்லப்பட்டவர்களின் வழக்காறுகளையும் ஆவணங்களையும் கேட்டுப் படிப்பது கடமை.

மொழிகளைப் பொறுத்தவரை, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து இலத்தீனோ சிரியாக்கோ. பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகளிலும் பானை ஓடுகளிலும் காணப்படும் தமிழ்-பிராமி எழுத்தை வாசிக்கத் தெரியாமல் கொற்கையைப் பற்றி எழுத வேண்டாம். வரலாற்றில் முதுகலை, தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்னும் பாதை கல்லூரி வேலைக்கு உதவும்; நூல் எழுதி மட்டும் வீட்டை நடத்துவது தமிழில் அரிது. ஆகவே ஆசிரியப் பணியோ மொழிபெயர்ப்போ ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

ஊர்ச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்கச் சேகரகுருவிடமோ பங்குத்தந்தையிடமோ எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பக்கத்தை விரித்து அழுத்தாதீர்கள். பெயர்களைப் பதிவேட்டில் உள்ள எழுத்துகளிலேயே படியெடுத்து, நீங்கள் செய்த திருத்தத்தைத் தனியே குறியுங்கள். இன்று வாழும் குடும்பங்களைச் சுட்டிக்காட்டும் பதிவுகளை அவர்களைக் கேளாமல் அச்சிடாதீர்கள். நூல் முடிந்ததும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையும் மூலமொழி அறிந்த ஒருவரையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அவர்கள் கோடிட்ட ஒவ்வோர் இடத்திலும் மூலத்தை மறுபடி திறந்து பார்த்து, தேவையானதைத் திருத்திய பிறகு பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.