வரத்தேநீர் போடும் பக்குவம்

பால் சேர்க்காத தேநீரை எங்கள் டெல்டாப் பகுதியில் வர டீ என்போம். நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கத்து வீடுகளில் தேநீருக்கே தேத்தண்ணி என்று பெயர். கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் பேர்போன இந்த மண்ணில், கொட்டையை எந்தப் பதத்தில் வறுப்பது, சிக்கரி எத்தனை பங்கு, டிக்காஷன் எவ்வளவு நேரம் இறங்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களும்கூட, வர டீயைக் காய்ச்சல் வந்தாலோ பால் திரிந்துபோனாலோ குடிக்கும் ஒன்றாக ஒதுக்கிவைப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பால் டீக்காகத் தூளைக் கொதிக்கக் கொதிக்க வைத்துப் பழகிய கையால், பாலை மட்டும் விட்டுவிட்டு அதே முறையில் போட்டால் அது கசக்கத்தான் செய்யும். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், ஐந்து நிமிடம் கொதித்த சாறுகூடப் பாலோடு சேர்ந்ததும் நாக்குக்கு இதமாகிவிடுகிறது. பால் இல்லாத தம்ளரில் அந்த மறைப்பு கிடையாது. தண்ணீரின் குற்றமும், தூளின் குற்றமும், அடுப்பருகே நின்றவரின் அவசரமும் அப்படியே வாய்க்கு வந்து சேரும்.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு தம்ளர் வர டீயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் இருப்பது தண்ணீர்தான் என்பதால், விலை உயர்ந்த தூளைத் தேடி அலைவதற்கு முன் வீட்டுத் தண்ணீரை அறிந்துகொள்வது நல்லது. கல்லணையில் பிரிகிற ஒரே ஆற்றின் பாசனத்தில் வாழ்ந்தாலும் ஊருக்கு ஊர் நமக்குத் தண்ணீர் வேறு. திருவையாற்றை ஒட்டி ஆற்று மணலில் ஊறி வரும் நீரில் கிடைக்கும் சுவை, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊர்களின் நிலத்தடி நீரில் கிடைக்காது. கடல் அருகில் இருப்பதால் அங்கே உவர்ப்பு ஏறியிருக்கும். உவர்ப்பைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, கொதிக்கக் கொதிக்க அது கூடத்தான் செய்யும். அத்தகைய ஊர்களில் இருப்பவர்கள் குழாயில் வரும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரை ஒரு குடம் தேநீருக்கென்று எடுத்துவைத்துக்கொள்வது உத்தமம். அதில் குளோரின் வாடை இருந்தால், வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் மெல்லிய துணியால் மூடி வைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கடினத்தன்மை வேறு வகையான குற்றம். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது என்றால், அந்த நீரில் போட்ட தேநீரின் மேல் மெல்லிய ஆடை போன்ற ஒரு படலம் மிதக்கும். தம்ளரை அசைத்தால் வெயிலில் காய்ந்த வண்டல் போலத் துண்டு துண்டாக வெடிக்கும். நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சாற்றோடு சேர்ந்து உண்டாக்குவது அது. முதல் நாள் இரவே தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆடாமல் அசையாமல் ஆறவிட்டு, காலையில் மேலாகத் தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்தால் சுண்ணாம்பின் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும்.

இரும்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் செய்யும் கேட்டை நான் கண்ணாரக் கண்டு உணர்ந்தேன். ஒரு மார்கழிக் காலையில், ஒரே டப்பாவின் தூளை ஒரே அளவில் எடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒன்றும் குழாய் நீரில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் போட்டுத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குழாய் நீரில் போட்டது புதிதாகத் துலக்கிய செம்பின் நிறத்தில், அடியில் கிடந்த ஒரு துணுக்கு தெரியும் அளவுக்குத் தெளிந்து நின்றது. மற்றது நீலம் ஓடிய கறுப்பாக, எழுதும் மையைக் கரைத்துவிட்டது போல் இருந்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் நேர்வது அது. கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போன்ற ஒரு சுவை. இதற்குப் பரிகாரம் எளிது: அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாலைந்து முறை உயரத் தூக்கி ஊற்றிக் காற்றுப்படச் செய்து, ஓர் இரவு வைத்தால் இரும்பு துருவாக மாறி அடியில் செம்மண் போல் படியும், மேலே தெளிந்ததைத் துணியில் வடித்துக்கொள்ளலாம். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் இந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் உப்பு அறவே நீங்கிய நீரில் தேநீர் சப்பென்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் அதில் பாதியும் நல்ல குழாய் நீரில் பாதியுமாகக் கலந்துகொள்கிறேன்.

தூளைப் பொறுத்தவரை, நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சி.டி.சி. என்ற வகை, பச்சை இலையைப் பல்வைத்த உருளைகளுக்கிடையே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கும் இந்த முறை 1930-களில் அசாமில் தோன்றியது. அதிலும் மிக நுண்ணியதை டஸ்ட் என்பார்கள். அதில் சாறு சட்டென்று இறங்கும், நிறம் கனக்கும், கசப்பும் அதே வேகத்தில் வரும். இலையை முழுமை கெடாமல் முறுக்கிப் பதப்படுத்தும் பழைய முறைக்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். கறுத்துச் சுருண்ட துண்டுகளாக இருக்கும், மெதுவாக இறங்கும், மணம் மிகுதி. பால் டீக்கு டஸ்ட் போதும். வர டீக்கு என்று வாங்குவதாக இருந்தால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையையே நான் சொல்வேன். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான உறைபனிக் காலத்தில் பறித்த இலை கிடைத்தால் அதன் பூமணத்துக்குப் பால் சேர்ப்பது பாவம். உதிரியாக வாங்கும் தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால், ஈரமான வெள்ளை வடிதாளில் ஒரு சிட்டிகை தூவி, சற்றுப் பொறுத்துத் தூளை அகற்றிவிட்டுத் தாளைக் குழாயடியில் கழுவிப் பார்க்கலாம். கறை பளிச்சென்று ஒட்டி நின்றால் அந்தத் தூள் வேண்டாம்.

இனிப் போடும் முறை. இரண்டு பேருக்கு 400 மில்லி தண்ணீரும் தலைதட்டிய இரண்டு தேக்கரண்டித் தூளும் கணக்கு. அது ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். ஆர்த்தடாக்ஸ் இலை எடை குறைந்து இடத்தை அடைக்கும் என்பதால் மூன்று தேக்கரண்டி வேண்டும். தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் பின்பற்றும் பன்னாட்டு முறையில் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவிடுவார்கள், ஆனால் அது குற்றங்குறைகளைத் துலக்கிக் காட்டுவதற்கான கணக்கு, குடிப்பதற்கான கணக்கு அன்று. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகே தூளைப் போட்டு, ஒரே ஒரு முறை கிளறி, மூடி வைக்க வேண்டும். மூடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆவியோடு எழுகிற மணம்தான் இந்தத் தேநீரின் பாதி. டஸ்டுக்கு ஒன்றரை நிமிடம், சி.டி.சி. குருணைக்கு இரண்டரை, ஆர்த்தடாக்ஸுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பாருங்கள், நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் நிறம் முதலில் இறங்கிவிடும், கனமும் மணமும் சற்றுப் பின்னால் வரும், கசப்பு அதற்கும் பின்னால் காத்திருக்கும்.

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் அங்கே குடித்த அதே தூளை வாங்கி வந்து இங்கே போட்டால் கடுப்பதாகச் சொல்வதுண்டு. அத்தனை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த நம் ஊரிலோ அது 100 டிகிரி. ஆகையால் மலையில் வாங்கிய மெல்லிய இலைக்கு, அடுப்பை அணைத்தபின் ஒரு நிமிடம் பொறுத்துத் தூளைப் போடுவது நல்லது.

நேரம் முடிந்ததும் உடனே முழுவதையும் வடித்துவிட வேண்டும். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. அந்தக் கடைசிச் சொட்டுகளில் இருப்பது கசப்புதான். மறுமுறை கொதிக்க வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம். இஞ்சியோ சுக்கோ ஏலக்காயோ சேர்க்க விரும்புகிறவர்கள் அவற்றைத் தண்ணீரோடு முதலிலேயே தட்டிப்போட்டு நான்கைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகே அடுப்பை அணைத்துத் தூளைப் போடலாம். பனங்கற்கண்டு வர டீயோடு நன்றாக ஒத்துப்போகும்; வெல்லமும் கருப்பட்டியும் தங்கள் மணத்தால் மெல்லிய இலையை அமுக்கிவிடும் என்பதால் அவற்றைக் கனத்த சி.டி.சி.க்கு வைத்துக்கொள்ளலாம்.

எலுமிச்சையை வடித்த பிறகு, தம்ளருக்கு அரைத் தேக்கரண்டிச் சாறு என்ற அளவில் பிழிய வேண்டும். செம்பு நிறம் கண் முன்னே பொன்னிறமாக வெளுப்பதைக் கண்டு தேநீர் நீர்த்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. நிறம் தரும் தியாருபிஜின் என்ற பொருள் புளிப்புப் பட்டால் வெளுக்கும், அவ்வளவே. கடின நீரில் மிதக்கும் ஆடையும் இந்தப் புளிப்பில் மறையும். ஆனால் எலுமிச்சை பிழிந்த தேநீரை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது. நாச்சியார்கோவில் பக்கம் வாங்கிய டபரா எவ்வளவு அழகாக இருந்தாலும், இதற்குக் கண்ணாடியோ எவர்சில்வரோ பீங்கானோதான் ஏற்றது.

வடித்த கையோடு குடிக்கவும் கூடாது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. தம்ளருக்கும் டபராவுக்குமாக இரண்டு முறை, தாழ்வாக ஆற்றினால் சூடு தணியும். காப்பி போல் முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றினால் மணமெல்லாம் காற்றோடு போய்விடும். முதல் மடக்கை நாக்கில் சற்று நிறுத்தி வைத்தால், ஈறுகளைச் சுருக்கும் துவர்ப்பு, அதன் பின்னால் தொண்டையில் எழும் இனிப்பு, மூக்கில் தங்கும் மணம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அறியலாம். சர்க்கரை போடாத வர டீக்குத் திருவையாற்று அசோகாவைப் போல் பொருத்தமான துணை வேறு இல்லை என்பது என் எண்ணம். பாசிப்பருப்பும் நெய்யும் நாக்கில் பூசிய வழவழப்பை ஒரு மடக்குத் துவர்ப்பு துடைத்தெடுக்க, அடுத்த விள்ளல் முதல் விள்ளல் போலவே இனிக்கும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுப்பதால், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இரத்தசோகை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதில் கண்டிப்பாக இருப்பது நல்லது.

தூளைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், பெருங்காயம், மிளகாய்த்தூள், கர்ப்பூரம் ஆகியவற்றின் அண்டையில் இல்லாமல் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளில் உப்பே நீர்த்துவிடும்போது தேயிலை மட்டும் தப்பாது. விரல்களுக்கிடையே நசுக்கினால் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும் தூளில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த மாதங்களில் 100 கிராமுக்கு மேல் வாங்காமல் இருக்கலாம்.

நடவு நாளில் வயலுக்கு எடுத்துப் போவதாக இருந்தால், பிளாஸ்கை முதலில் வெந்நீர் ஊற்றி அலசி, தூள் ஒரு துணுக்கும் இல்லாமல் துணியில் வடித்த தேநீரைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். எலுமிச்சையை முன்கூட்டியே பிழிந்து வைத்தால் இரண்டு மணி நேரத்தில் சுவை கெட்டுவிடும் என்பதால், பழத்தை முழுதாகவே கொண்டுபோய், வரப்பில் உட்கார்ந்து தம்ளரில் ஊற்றிய பிறகு அரிந்து பிழிந்துகொள்ளலாம். பனங்கற்கண்டைத் தனியே ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டால், வேண்டியவர்கள் வேண்டிய அளவு கடித்துக்கொண்டே குடிப்பார்கள்.