என்விஎம்இ டிஸ்க்கின் இன்டரப்டுகளை எல்லா சிபியுக்களுக்கும் பகிர்வது எப்படி?

மண்ணடி தம்புச் செட்டி தெருவில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குமேல் பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவேற்றத் தொடங்கியதும் டேட்டாபேஸ் திணறும். புதிய என்விஎம்இ டிஸ்க் (பிசிஐ தடத்தில் இணையும் வேகமான எஸ்எஸ்டி) போட்டும் குணமாகவில்லை. டிஸ்க் தன் வேலையை வேகமாகவே முடித்தது. முடிந்துவிட்டது என்ற செய்தியை வாங்கிக்கொள்ள 32 சிபியுக்களில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் புழங்கியவர்களுக்கு உடனே பிடிபடும்.

டிஸ்க் ஒரு கோரிக்கையை முடித்ததும் சிபியுவுக்கு இன்டரப்ட் அனுப்பும். அந்த சிபியு கைவேலையை நிறுத்திவிட்டு, முடிந்த கோரிக்கையைக் கணக்கில் எடுத்து, அதற்காகக் காத்திருக்கும் நிரலை எழுப்ப வேண்டும். நொடிக்குச் சில நூறு என்றால் யாருக்கும் தெரியாது. லட்சத்தைத் தொடும்போது அத்தனையும் ஒரே சிபியுவில் விழுந்தால், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காக நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் கதைதான். லாரி எவ்வளவு வேகமாக ஓடக்கூடியது என்பதால் அங்கே ஒரு பயனும் இல்லை.

படி 1: நெரிசல் எங்கே?

‘எம்பிஸ்டாட் -பி ஆல் 1’ என்று கொடுங்கள். ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு வரி வரும். அதில் இன்டரப்டுகளுக்குச் செலவாகும் நேரத்தைக் காட்டும் ஐஆர்க்யூ, சாஃப்ட் என்ற இரண்டு பத்திகள் போதும். இந்த வேலைக்கு ‘டாப்’ எனக்குப் பிடிப்பதில்லை. எல்லா சிபியுக்களின் சராசரியைக் காட்டி நெரிசலை மறைத்துவிடுகிறது.

அடுத்து /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ‘வாட்ச் -டி -என் 1’ கட்டளையோடு திறந்து வையுங்கள். எங்கள் சர்வரில் டிஸ்க்குக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. வரியின் கடைசியில் ஐஓ-ஏபிக் (பழைய முறை இன்டரப்டின் அடையாளம்) என்றும், அதற்குப் பின்னால் என்விஎம்இ0க்யூ0, என்விஎம்இ0க்யூ1 என்று இரண்டு பெயர்களும் இருந்தன. சிபியு 0 பத்தியில் எண் நிற்காமல் ஓடியது. மற்ற 31 பத்திகளிலும் பூஜ்யம். க்யூ என்றால் டிஸ்க்குக்கான கோரிக்கைகள் நிற்கும் வரிசை. க்யூ0 என்பது நிர்வாக வரிசை. க்யூ1 முதல்தான் தரவு போகும். ஆக, இத்தனை சிபியுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தரவு வரிசை.

படி 2: எம்எஸ்ஐ-எக்ஸ் இயங்குகிறதா?

பழைய முறை இன்டரப்டில் ஒரு சாதனத்துக்குப் பெரும்பாலும் ஒரே தடம். இன்டரப்டைச் செய்தியாக அனுப்பும் எம்எஸ்ஐ முறையில் 32 வரை, எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில் 2048 வரை தனித்தனி இன்டரப்டுகள் கிடைக்கும். என்விஎம்இ டிரைவர் சிபியுவுக்கு ஒரு வரிசை என்று பிரிப்பதற்கு இது அவசியம்.

பூட் ஆகும்போது கொடுத்த அமைப்புகளைக் காட்டும் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் படித்தேன். ‘பிசிஐ=நோஎம்எஸ்ஐ’ என்று இருந்தது. எம்எஸ்ஐ முறைகளை அணைத்துவிடும் அமைப்பு அது. எப்போதோ பூட் ஆகாத சிக்கலுக்காக யாரோ சேர்த்தது, அப்படியே தங்கிவிட்டது. பூட் லோடரான கிரப்பின் அமைப்பிலிருந்து அதை நீக்கி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டி, சர்வரை மறுபடி தொடங்கியதும் க்யூ0 முதல் க்யூ32 வரை 33 வரிகள் வந்தன.

படி 3: ‘இன்புட்/அவுட்புட் எரர்’

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். எங்கள் சர்வரில் இரண்டு ப்ராசஸர்கள். டிஸ்க் இரண்டாவதோடு இணைந்திருக்கிறது. ஆகவே இன்டரப்டுகள் எல்லாவற்றையும் 16 முதல் 31 வரையிலான சிபியுக்களில் கட்டிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அதற்கான கோப்பு /ப்ராக்/ஐஆர்க்யூ அடைவில், அந்த இன்டரப்ட் எண்ணுக்குள் இருக்கும் எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட். ‘லிஸ்ட்’ இல்லாத இன்னொரு கோப்பும் பக்கத்திலேயே உண்டு. அதில் பதினாறடிமான எண்ணாக எழுத வேண்டும். அதைத் தொடாதீர்கள், ஓர் இலக்கம் பிசகினாலும் வேறு சிபியுவுக்குப் போய்விடும். லிஸ்ட் கோப்பில் ‘16-31’ என்று நேராக எழுதலாம்.

எழுதியதும் எங்கள் சர்வரில் வந்த பதில்: இன்புட்/அவுட்புட் எரர்.

டிஸ்க்குகளோடு வாழ்கிறவருக்கு இந்தச் சொல்லைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். டிஸ்க் போய்விட்டது என்றுதான் கை பேக்கப் எடுக்கப் போகும். டிமெசேஜ் பதிவு சுத்தமாக இருக்கும், டிஸ்க்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட் சோதனையும் சுத்தமாக இருக்கும். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. ‘இந்த இன்டரப்டை நான் நிர்வகிக்கிறேன், நீ மாற்ற முடியாது’ என்று சொல்ல எங்கள் சர்வரின் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பயன்படுத்திய பிழைக் குறியீடு அதுதான். 2016இல் வந்த 4.8 கர்னலில் இந்த ஏற்பாடு நுழைந்தது. என்விஎம்இ டிரைவரின் தரவு வரிசைகள் இதன் கீழ்தான் வருகின்றன. இதே கோப்பில் எழுதும்போது சில நேரம் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்றும் வரலாம். அதுவும் டிஸ்க் நிரம்பியதைச் சொல்லவில்லை. அந்த சிபியுவில் இன்டரப்ட் வெக்டர் (இன்டரப்டுக்கு ஒதுக்கும் எண்) காலியாக இல்லை என்று பொருள்.

கர்னல் ஏன் பூட்டி வைக்கிறது? சிபியு 20இல் ஓடும் நிரல் டிஸ்க்கிடம் கேட்டால், கோரிக்கை சிபியு 20க்கு உரிய வரிசையில் போகும். முடிந்த செய்தியும் சிபியு 20க்கே திரும்பும். தரவு கேஷிலேயே இருக்கும், இன்னொரு சிபியுவைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இன்டரப்டை வேறெங்காவது நகர்த்தினால் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் வழி எளிது. இன்டரப்டை விட்டுவிடுங்கள், நிரலை நகர்த்துங்கள். /சிஸ்/கிளாஸ்/என்விஎம்இ/என்விஎம்இ0/டிவைஸ்/நூமா_நோடு கோப்பைப் படித்தால் டிஸ்க் எந்த ப்ராசஸரோடு இணைந்திருக்கிறது என்று தெரியும். எங்களுக்கு 1 என்று வந்தது. ‘நூமாசிடிஎல் --சிபியுநோடுபைண்ட்=1’ என்று டேட்டாபேஸைத் தொடங்கியதும் இன்டரப்டுகள் தாமாகவே 16-31க்குள் விழுந்தன. எந்த வரிசை எந்த சிபியுவுக்கு என்று பார்க்க /சிஸ்/பிளாக்/என்விஎம்இ0என்1/எம்க்யூ அடைவுக்குள் ஒவ்வோர் எண்ணின் கீழும் சிபியு_லிஸ்ட் இருக்கிறது.

படி 4: வரிசைகள் போதவில்லை என்றால்

சில மலிவான டிஸ்க்குகள் எட்டு வரிசைகள்தான் தரும். 32 சிபியுக்கள் இருந்தால் நான்கு பேருக்கு ஒரு வரிசை. நால்வரில் ஒருவரே இன்டரப்டை வாங்குவார். அவர் யார் என்பது எஃபெக்டிவ்_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் இருக்கும். இங்கே ஆர்க்யூ_அஃபினிட்டி அமைப்பு உதவும். டிஸ்க்கின் ‘க்யூ’ அடைவில் உள்ள அந்தக் கோப்பில் 2 என்று எழுதினால், முடிக்கும் வேலை கோரிக்கை அனுப்பிய சிபியுவுக்கே திருப்பப்படும். சிபியுவுக்கு ஒரு வரிசை கிடைத்த இடத்தில் இதனால் மாற்றம் இருக்காது. சர்வருக்கு டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவைக் கேட்பதுபோல வரிசை எண்ணிக்கையையும் கேளுங்கள் என்பேன்.

எஸ்ஏஎஸ் கார்டு (சர்வர் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு) வைத்திருப்பவர்களுக்கு

எம்பிடி3எஸ்ஏஎஸ், மெகாரெய்டு_எஸ்ஏஎஸ் ஆகிய இரண்டு டிரைவர்களிலும் எஸ்எம்பி_அஃபினிட்டி_எனேபிள் என்ற அளவுரு இருக்கிறது. இயல்பாக 1. அதை 0 ஆக்கினால் கர்னல் பிடியை விடும், நீங்கள் கையால் அமைக்கலாம். வலுவான காரணம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். செய்தால், இன்டரப்டுகளைத் தானாகப் பகிரும் ஐஆர்க்யூபேலன்ஸ் நிரலையும் கவனிக்க வேண்டும்: அது இயல்பாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை விழித்து, நீங்கள் எழுதியதை மாற்றிவிடக்கூடும். ‘--பேன்ஐஆர்க்யூ’ கொடுத்து அந்த எண்களை விலக்கிவிடுங்கள்.

டிரைவர் எழுதுகிறவர்கள், பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ்_அஃபினிட்டி செயற்கூற்றை பிசிஐ_ஐஆர்க்யூ_அஃபினிட்டி கொடியோடு அழைத்தால் போதும். நிர்வாக வரிசைக்காக ப்ரி_வெக்டர்ஸ் மதிப்பை 1 என்று வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அதுவும் பகிர்வுக் கணக்கில் சேர்ந்து, தரவு வரிசைகளின் பங்கீடு ஒன்று தள்ளிப்போகும்.

பிற்சேர்க்கை: எஸ்ஏஎஸ் டிரைவரின் அந்த அளவுருவை 0 ஆக்கியும் மாறவில்லை என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரூட் டிஸ்க்கே அந்தக் கார்டில் இருந்தால் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறிவிடும். மோட்ப்ரோப் கோப்பை மாற்றியபின் டெபியன், உபுன்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்ட வேண்டும். இன்னொருவர், ஒரு சிபியுவை ஆஃப்லைன் செய்ததும் டிஸ்க்கின் ஒரு வரியில் எண் நின்றுவிட்டதாகப் பயந்திருந்தார். ஒரு வரிசைக்கு உரிய கடைசி சிபியுவும் போய்விட்டால் கர்னல் அந்த இன்டரப்டை மூடிவைக்கும், வேறு சிபியுவுக்கு மாற்றாது. சிபியு திரும்பி வந்ததும் வரியும் ஓடத் தொடங்கும். சில சிபியுக்களை டிஸ்க் வேலையிலிருந்து ஒதுக்கிவைக்க விரும்பினால், 5.6 கர்னல் முதல் ‘ஐசோல்சிபியுஸ்=மேனேஜ்டு_ஐஆர்க்யூ’ அமைப்பு இருக்கிறது. சிபியுவுக்கு ஒரு வரிசை உள்ள இடத்தில், ஒதுக்கிய சிபியுவில் ஓடும் நிரலே டிஸ்க்கைக் கேட்டால் அதன் இன்டரப்ட் அங்கே வரத்தான் செய்யும்.