ஸ்டுடியோ ஃப்ளோருக்கு மேலே தொங்கும் ஆம்பியன்ட் லைட்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆம்பியன்ட் லைட், அதாவது செட் முழுவதும் மேலிருந்து பரவும் பொது வெளிச்சத்துக்கான விளக்கு, வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது "எவ்வளவு பிரைட்டாக எரியும்?" என்றுதான். அதைவிட முக்கியம், எவ்வளவு மங்கலாக, நிறம் மாறாமல் எரியும் என்பது. கேமராவை ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, ஷட்டர் 1/50 என்று வைத்தால் முகத்தில் கீ லைட் (முதன்மை வெளிச்சம்) ஏறக்குறைய 150 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தாலே போதும். நாடகக் காட்சிக்கு, மேலிருந்து வரும் பொது வெளிச்சம் அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) கீழே, 40 லக்ஸ் அளவில் இருக்கட்டும். கூட்டினால் கண்குழி கறுத்துவிடும், மூக்கு நிழல் உதட்டில் விழும். அதாவது இன்றைய எல்இடி பேனல் பாதி நாள் பத்து சதவீதத்துக்குக் கீழேதான் எரியப்போகிறது.

அதனால் டெமோவுக்கு வரும் பேனலை முதலில் 1 சதவீதத்துக்கு இறக்குங்கள். அதன் கீழே ஒரு வெள்ளைப் பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான தீற்றலாகத் தெரியாமல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. ஸ்லோமோஷனில் ஃப்ளிக்கர் (படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னுவது) வர வாய்ப்பு அதிகம். அடுத்து கேமராவை நொடிக்கு 100 ஃப்ரேமில் ஓட்டி அதே அளவில் பதிவு செய்யுங்கள். பிறகு மெதுவாக அணையுங்கள். 8 பிட் டிம்மிங்கில் மொத்தமே 256 படிகள் என்பதால் கடைசி சில படிகள் தாவித் தாவி அணைவது கண்ணுக்கே தெரியும். 16 பிட் இருப்பதையே எடுங்கள்.

நிறத்துக்கு சிஆர்ஐ எண்ணை (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) மட்டும் நம்ப வேண்டாம். அது மனிதக் கண்ணுக்கான அளவு, கேமராவுக்கானது டிஎல்சிஐ. 90க்கு மேல் கேளுங்கள். அடர் சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் தனியாகக் கேளுங்கள், அது குறைந்தால் தோலில் சிவப்பு செத்துவிடும். சீரியல், செய்தி ஃப்ளோருக்கு பைகலர் (மஞ்சள் வெள்ளை முதல் நீல வெள்ளை வரை மட்டும் மாறும் பேனல்) போதும். நிலா வெளிச்சம், நெருப்பு வெளிச்சம் என்று மாறிக்கொண்டே இருக்கும் சினிமா ஃப்ளோர் என்றால் எல்லா நிறமும் தரும் கலர் பேனலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரியே. எதுவானாலும் ஒரே மாடலை மொத்தமாக வாங்குங்கள். இரண்டு மாடல் கலந்தால் இரண்டிலும் 3200 கெல்வின் என்று காட்டினாலும் ஒன்று பச்சையடிக்கும்.

எத்தனை வேண்டும்? 12 x 9 மீட்டர் செட், விளக்கு 6 மீட்டர் உயரத்தில் என்று வைப்போம். முகம் 1.5 மீட்டரில் இருப்பதால் நடுவே 4.5 மீட்டர். விளக்குகளுக்கு இடையிலான தூரம் இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3 மீட்டர். வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை, மொத்தம் 12. ஓர விளக்கு செட்டின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே வரும். மூலைகளில் வெளிச்சம் குறைவது இயல்பு, அங்கே டிம்மரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். முக உயரத்தில் லைட் மீட்டரைப் பிடித்து ஒவ்வொரு மீட்டர் தூரத்திலும் ஒரு அளவு எடுங்கள்; வித்தியாசம் அரை ஸ்டாப்புக்குள் இருக்க வேண்டும். 100 ஃப்ரேமில் (ஷட்டர் 1/200) எஃப் 5.6 வேண்டுமென்றால் ஷட்டருக்கு நாலு மடங்கு, எஃப்புக்கு நாலு மடங்கு, ஆக 40 லக்ஸ் 640 ஆக வேண்டும். பேனலின் முழுத் திறனை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

பேனலை வெறுமனே தொங்கவிட்டால் சுவரெல்லாம் வெளிச்சம் சிதறும். கீழே சில்க் (வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைத் துணி), சுற்றிலும் கறுப்புத் துணிப் பாவாடை கட்டாயம்.

மின்சாரம், ஏசி இரண்டையும் வாங்கும் முன்பே கணக்கிடுங்கள். 6 கிலோவாட் டங்ஸ்டன் ஸ்பேஸ் லைட் (மேலே தொங்கும் பழைய வகை பெரிய விளக்கு) 12 தொங்கினால் 72 கிலோவாட். அந்தச் சூட்டுக்கு மட்டும் 20 டன் ஏசி. 450 வாட் எல்இடி 12 என்றால் 5.4 கிலோவாட், ஒன்றரை டன்னில் முடிந்துவிடும். 230 வோல்ட்டில் 23.5 ஆம்பியர்தான், ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டால் தொடக்க நொடியின் மின்பாய்ச்சலில் எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழக்கூடும். ஆறு ஆறாகப் பிரித்து, தொடக்கப் பாய்ச்சலைக் கூடுதலாகத் தாங்கும் சி டைப் எம்சிபி போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் கேபிளை விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலியாக இழுங்கள், நடுவில் ஒய் பிரிப்பு கூடாது. கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (கேபிளின் முனையை மூடும் செருகி) இல்லாவிட்டால் விளக்குகள் தானாக மினுங்கக்கூடும். ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் தவிர, தனி எஃகு சேஃப்டி வயர் ஒன்று பைப்பைச் சுற்றி வர வேண்டும். வயரில் தொய்வு அதிகம் விடாதீர்கள்: கிளாம்ப் நழுவினால் விளக்கு விழும் தூரம் கூடக்கூட வயரில் விழும் அடியும் கூடும்.