டீ போடுவதா, ஊற்றுவதா, ஆற்றுவதா? புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

டீ போடத் தெரியாதவர்களுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் ஊர்ச் சொற்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு டீ போட நன்றாகவே தெரிந்தும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கேட்கத் தெரியாமல் முழித்திருக்கிறேன். நான் காஞ்சிபுரம் பக்கம். அளவெல்லாம் இரண்டு பேருக்கு.

1. தூள்

டஸ்ட் டீத்தூள் இரண்டு டீஸ்பூன். நாம் டீத்தூள் என்பதை இலங்கையில் தேயிலை என்றே சொல்கிறார்கள். எனக்குத் தேயிலை என்றால் நீலகிரிச் சரிவில் நிற்கிற செடி. அங்கே கடையில் தேயிலை கேட்டால் பாக்கெட்டில் தூள் வரும். அந்தத் 'தே' சீனாவின் ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. தேயிலைத் தண்ணீர்தான் இலங்கையில் டீக்குச் சொல்கிற தேத்தண்ணி. சீனாவின் மற்ற பகுதிகளில் 'சா' என்பார்கள், நாகர்கோவில் பக்கத்துச் சாயா அந்த வழி. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், மலையாள வாடை இருக்கத்தானே செய்யும்.

2. கொதி

நம் வீட்டு முறை: ஒரு தம்ளர் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, அரை தம்ளர் பால் சேர்த்து, ஒரு முறை பொங்கி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். இதற்கு மேல் கொதிக்கவிட்டால் கசக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்தது வேறு. தூளை அடுப்பில் ஏற்றவே இல்லை. வடியில் தேயிலையைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றிச் சாயம் இறக்கி, கோப்பையில் கரைத்து வைத்த பால்மாவோடு கலந்தார்கள். நாம் டீ 'போடுகிறோம்', அவர்கள் தேத்தண்ணி 'ஊத்துகிறார்கள்' என்பதில் எனக்கு அப்புறம் ஆச்சரியமே இல்லை, கையைப் பார்த்தாலே தெரிகிறது.

பால் வேண்டாமா? இலங்கையில் பிளேன்டீ அல்லது வெறும் தேத்தண்ணி, நாகர்கோவிலில் கட்டஞ்சாயா, மலேசியாவில் தே ஓ. சீனியும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங்.

3. இனிப்பு

இங்கேதான் நான் மாட்டினேன்.

"தம்பி, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்றார் அந்த அம்மா.

"ஊத்துங்கம்மா, சக்கரை மட்டும் கம்மியா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சர்க்கரை இல்லைத் தம்பி. சீனிதான் கிடக்கு."

நான் கேட்டது வெள்ளையாக இருப்பதை, அவர் காதில் விழுந்தது பொங்கலுக்குப் போடுகிற பழுப்புச் சர்க்கரை. அங்கே வெள்ளையாக இருந்தால் அது சீனி, அவ்வளவுதான். இதற்கு இலங்கை வரை போக வேண்டியதில்லை, மதுரைக்குத் தெற்கே போனாலே சீனிதான். சிலர் வீட்டில் பெரியவர்கள் அஸ்கா என்பார்கள், அது ஒடிசாவில் ஆலை இருந்த ஊரின் பெயர். சீனியே சீனாவின் பெயர்தான். ஆக, ஆளுக்கு ஒரு டீஸ்பூன் போடுங்கள், பெயர் உங்கள் இஷ்டம்.

4. ஆற்று

இதைப் புதியவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்காதீர்கள். ஒரு கையில் குவளை, இன்னொரு கையில் தம்ளர், முதலில் ஒரு சாண் உயரம் போதும். ஊற்றத் தொடங்கிய பிறகு மேல் கையைத் தூக்குங்கள், கண் கீழே இருக்கிற தம்ளரில் இருக்கட்டும். நான்கு முறை ஆற்றினால் நுரை கட்டி, சூடும் குடிக்கிற பதத்துக்கு வரும். முதல் நாள் கையில் கொட்டும், அதனால் வெறும் தண்ணீரில் பழகுங்கள். மலேசியாவின் தே தாரிக்கும் இதே ஆத்துறதுதான், டின்பால் சேர்த்தது. தாரிக் என்றால் இழுப்பது.

5. குடி

கடையில் கேட்பதென்றால் சென்னைப் பக்கம் "ஒரு டீ, டிக்காஷன் தூக்கலா, சக்கரை கம்மி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள், மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போட்டுத் தருவார்.

யாழ்ப்பாணத்தில் அந்த அம்மா சீனியே போடாமல் பிளேன்டீயை நீட்டி, இன்னொரு கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்தார், நம் கருப்பட்டிதான். கடித்துக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி கடித்து ஒரு மிடறு. கட்டி கரைவதற்குள் டீ தீர்ந்துவிட்டது, இன்னொன்று ஊத்தச் சொன்னேன்.