வெராகிரிப்ட் கடவுச்சொல் திரையில் உங்கள் போன் எண்ணை வைப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் பலவற்றின் கணக்கு இப்போது லேப்டாப்பில்தான் இருக்கிறது. கடை மூடியதும் அது ஒரு பையில் ஏறி, மெட்ரோவிலோ திருவொற்றியூர் பஸ்ஸிலோ வீட்டுக்குப் போகிறது. பை தொலைந்தால்? வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு விண்டோஸ் டிஸ்க்கை முழுவதும் மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்திருந்தால் கணக்கு வெளியே போகாது. ஆனால் கண்டெடுத்தவர் நல்லவராக இருந்து திருப்பித் தர நினைத்தாலும், லேப்டாப் யாருடையது என்று, விண்டோஸ் எழுவதற்கு முன் கடவுச்சொல் கேட்கும் திரை சொல்லாது. அங்கே ஒரு போன் எண்ணை வைத்துவிடுவோம்.

டிஸ்க் ஏற்கெனவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலில், மீட்பு டிஸ்க், அதாவது கணினி தொடங்காமல் போனால் சரிசெய்ய உதவும் டிஸ்க். மறையாக்கத்தின்போது வெராகிரிப்ட் உருவாக்கச் சொன்ன அந்த 'ரெஸ்க்யூ டிஸ்க்' கையில் இருக்கிறதா? இல்லையென்றால் வெராகிரிப்டின் சிஸ்டம் மெனுவில் போய் இப்போதே உருவாக்கிவிடுங்கள். அது இல்லாமல் பூட் லோடரில் (விண்டோஸுக்கு முன் ஓடிக் கடவுச்சொல் கேட்கும் சிறு நிரல்) கை வைக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் கணினி எந்த முறையில் தொடங்கும் வகை என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரி இருக்கும். அதில் 'லெகசி' என்றிருந்தால் ஒரு வழி, 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் இன்னொரு வழி. புதிய லேப்டாப்கள் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

லெகசி வகைக்கு வேலை சுலபம். வெராகிரிப்டில் செட்டிங்ஸ் மெனுவுக்குள் 'சிஸ்டம் என்கிரிப்ஷன்' திறந்தால், உங்கள் வாசகத்தை எழுத ஒரு கட்டம் இருக்கும். 24 எழுத்துக்கு மேல் ஏற்காது. 'கால்' என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, பத்து இலக்க எண் என்று எழுதினால் 15 எழுத்தில் முடிந்துவிடும்.

அதே பக்கத்தில், வேறு எந்த எழுத்தையும் காட்டாமல் திரையை வெறுமையாக்கும் தேர்வும் உண்டு. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று பொய்ச்செய்தி போட்டுத் திருடனை ஏமாற்றலாம் என்று சிலர் இதைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திருடன் ஏமாறுவதற்கு முன்பு உங்கள் தம்பி ஏமாறுவான். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நம்பி ரிச்சி ஸ்ட்ரீட் கணினிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பான். அவர்களும் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்துவிடுவார்கள், கணக்கு அழிந்துவிடும்.

யூஇஎஃப்ஐ வகைக்கு அதே 'சிஸ்டம் என்கிரிப்ஷன்' பக்கத்தில் 'எடிட் பூட் லோடர் கான்ஃபிகரேஷன்' என்ற பொத்தானை அழுத்துங்கள். எக்ஸ்எம்எல் என்ற வடிவில், கோணக்குறிகளுடன் (< >) எழுதிய அமைப்பு வரிகள் நிறைந்த ஒரு பெட்டி திறக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். பிறகு 'பாஸ்வேர்டு எம்எஸ்ஜி' என்ற பெயர் கொண்ட வரியைத் தேடுங்கள். இரண்டு கோணக்குறிகளுக்கு இடையில் 'பாஸ்வேர்டு:' என்ற சொல் இருக்கும். அதற்கு முன்னால் உங்கள் வாசகத்தைச் சேருங்கள். அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிடாதீர்கள், இல்லையென்றால் திரை என்ன கேட்கிறது என்றே புரியாது. கோணக்குறிகளையும் மற்ற வரிகளையும் தொட வேண்டாம்.

கடைப் பெயரைப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் பக்கத்துக் கடைகளில் பாதிக்கு மேல் '& கோ', '& சன்ஸ்' என்றுதான் முடியும். எக்ஸ்எம்எல்லில் & என்பது தனிப்பொருள் கொண்ட குறி. அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள். தமிழ் எழுத்தும் வேண்டாம். விண்டோஸ் எழுவதற்கு முந்திய அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு கிடையாது.

கடவுச்சொல்லுக்குப் பின் 'பிம்' என்று ஒரு கேள்வி வந்து பலரைப் பயமுறுத்துகிறது. கடவுச்சொல்லை எத்தனை சுற்றுக் கணக்கீட்டுக்கு உட்படுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. நீங்கள் அப்படி எண் எதுவும் வைக்கவில்லை என்றால் என்டர் தட்டினால் போதும். கேள்வியே வேண்டாம் என்றால், அதே செட்டிங்ஸ் பக்கத்தில் பிம் கேட்காதே என்ற தேர்வைக் குறியிடுங்கள். சொந்தமாக பிம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் அந்த எண் மறையாக்கம் இல்லாமல் டிஸ்க்கில் பதியும்.

நீங்கள் எழுதும் வாசகமும் அப்படித்தான், மறையாக்கத்துக்கு வெளியே இருக்கிறது. எனவே 'மகள் பிறந்த ஊர்' போன்ற நினைவூட்டல் எதையும் அங்கே எழுதாதீர்கள். தொலைந்த பையில் உங்கள் போனும் போயிருக்கலாம் என்பதால் வீட்டில் இன்னொருவர் எண்ணைக் கொடுப்பது நல்லது.

ஓகே கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய வாசகம் தெரிந்தால் கடவுச்சொல்லைத் தட்டுங்கள். இந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே பின்பற்றும். கடவுச்சொல் சரியா என்று பார்க்கச் சில விநாடிகள் ஆகும். உறைந்துவிட்டது என்று பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். திரையே வரவில்லை என்றால் மீட்பு டிஸ்க்கிலிருந்து தொடங்கி பூட் லோடரைத் திரும்ப நிறுவலாம். அந்த மீட்பு டிஸ்க்கை லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டு அலமாரியில் வையுங்கள்.