காங்கிரீட் துளைக்குள் நுழையும் பிஎச் கம்பி: இரிடியம் ஆக்சைடு எலக்ட்ரோடு செய்வது எப்படி

சிமென்ட் சாந்துக் கட்டிகளுக்குள் பிஎச் அளப்பதுதான் என் ஆய்வு வேலை. புதுக் காங்கிரீட்டின் துளைநீரில், அதாவது அதன் நுண்துளைகளில் தங்கும் நீரில், பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்க இறங்க அது 9-க்கும் கீழே போய்விடும். அப்புறம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிக்குத் துருவிலிருந்து காவல் கிடையாது. நிறங்காட்டியான பினாப்தலீன் தெளித்தால் நிறம் வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், எண் தெரியாது. சாதாரணக் கண்ணாடி எலக்ட்ரோடோ நான் கட்டியில் போடும் 4 மில்லிமீட்டர் துளைக்குள் நுழையாது. அதனால்தான் பிளாட்டினம் கம்பியில் இரிடியம் ஆக்சைடு பூசிக்கொள்கிறேன். பிஎச் ஏற ஏற அந்தக் கம்பியின் மின்னழுத்தம் இறங்கும், அந்த மில்லிவோல்ட்டை அளந்துதான் பிஎச்சைக் கண்டுபிடிக்கிறேன்.

முதலில் கரைசல். 50 மில்லி வாலைவடிநீரில் 75 மில்லிகிராம் இரிடியம் டெட்ராகுளோரைடு போட்டு அரை மணி நேரம் கலக்குங்கள். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை மில்லி விட்டுப் பத்து நிமிடம், பிறகு ஆக்சாலிக் அமிலம் 250 மில்லிகிராம் போட்டு இன்னொரு பத்து நிமிடம். கடைசியாகப் பொட்டாசியம் கார்பனேட்டைக் கரண்டி நுனியளவு மட்டும் எடுத்து, நுரை அடங்கிய பிறகே அடுத்ததைப் போட்டு, பிஎச்சை 10.5-க்குக் கொண்டுவாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இப்போது கரைசல் வெளிர்மஞ்சளாக இருக்கும். மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். மஞ்சள் மெல்லப் பச்சைக்குப் போய், பிறகு நாவல்பழத்தை நசுக்கிய நீர் மாதிரி நீலமும் ஊதாவுமாக ஆகும். முதல் தடவை நான் ஒரே இரவில் அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். பூச்சு விழுந்த மாதிரிதான் தெரிந்தது. கழுவியபோது கரித்தூளாக உதிர்ந்து குடுவையின் அடியில் கிடந்தது. நிறம் முழுதாக மாறும்வரை பூசவே பூசாதீர்கள்.

கம்பி 0.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஒரு முனையில் செம்புக் கம்பியைச் சால்டர் செய்து, அந்த இணைப்பின்மேல் ஷ்ரிங்க் ட்யூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) ஏற்றி, இரண்டு வாயிலும் அரால்டைட் அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். இணைப்பில் ஈரம் ஏறினால் செம்பும் ஈயமும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிடும், நீங்கள் அளப்பது பிஎச்சாக இருக்காது. வெளியே 1 சென்டிமீட்டர் தெரியட்டும். அதை 1200 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன், நீர்த்த கந்தக அமிலம், வாலைவடிநீர் என்று வரிசையாகக் கழுவுங்கள்.

பூசுவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியும் 240 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும். நம் கம்பி நேர்முனை, இன்னொரு பிளாட்டினம் கம்பி எதிர்முனை, இரண்டும் நிறம் மாறிய அந்தக் கரைசலில் நிற்கட்டும். சுமார் 30 மைக்ரோஆம்பியர் ஓடும். மேற்பரப்பு 0.16 சதுர சென்டிமீட்டர் என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிஆம்பியரை ஒட்டி வரும். ஐம்பது நிமிடத்தில் கம்பி கருநீலமாகிவிடும். மின்னோட்டத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் படலம் சொரசொரப்பாகி ஒட்டாது.

சரி, அளந்துவிடலாமா? இன்னும் இல்லை. புதுப் படலம் நீரை உறிஞ்சி அடங்கும்வரை மில்லிவோல்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். பிஎச் 7 பஃபரில் (பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல்) இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு வெள்ளி/வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடை ஒப்பீட்டுக்கு வைத்து, 4.01, 7.00, 10.01 பஃபர்களிலும், 25 டிகிரியில் 12.45 காட்டும் நிறைவுற்ற சுண்ணாம்பு நீரிலும் அளந்து கோடு வரையுங்கள். ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட்தான் பாடப்புத்தகக் கணக்கு. இப்படிப் பூசிய கம்பிகளில் எனக்கு 63 முதல் 70 வரை வருகிறது. அது பிழையல்ல. நீரேறிய ஆக்சைடில் ஓர் எலக்ட்ரானுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட புரோட்டான் ஈடுபடுவதால் அப்படி. அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் கோடு வேண்டும்.

கண்ணாடி எலக்ட்ரோடைப் போல மின்தடை அதிகமில்லாததால், 10 மெகா ஓம் உள்ளீடுள்ள சாதாரண மல்டிமீட்டரே போதும். துளையில் ஒரு சொட்டு வாலைவடிநீர் விட்டு, கம்பியை இறக்கி, பொட்டாசியம் நைட்ரேட்டில் நனைத்த பருத்தி நூலால் ஒப்பீட்டு எலக்ட்ரோடை இணைக்கிறேன். எண் நிலைக்கும்வரை காத்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கம்பியை நம்பாதீர்கள். இரும்பு உலைக்கசடு கலந்த சிமென்டில் சல்பைடு இருக்கும். ஆக்சைடு அதனால் ஒடுக்கமடைந்து மில்லிவோல்ட் இறங்கிவிடும், பிஎச் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். அந்தக் கட்டிகளுக்குச் சாந்தைப் பொடித்து நீரில் கலக்கிக் கண்ணாடி எலக்ட்ரோடாலேயே அளக்கிறேன். மற்ற நாட்களில் கம்பி பிஎச் 7 பஃபரிலேயே கிடக்கும். காயவிட்டால் மறுபடி இரண்டு நாள் ஊறவைக்க வேண்டியதுதான்.