கம்மங்கூழ் கசப்பதும் கட்டி தட்டுவதும் எதனால்?

சென்னைக்குக் குடிவந்த புதிதில், ஒரு சித்திரை மாதம் கடையில் கம்பு மாவு வாங்கிக் கூழ் காய்ச்சினேன். முதல் வாயிலேயே கசந்தது. வேறு கடையில் வாங்கிப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் ஊரில் ஆச்சி காய்ச்சிய கூழ் ஒருநாளும் கசந்ததில்லை. ஊருக்குப் போனபோது கேட்டேன். "மாவு எப்பத் திரிச்சதுன்னு பாத்தியா?" என்றாள்.

கோளாறு அங்கேதான். 100 கிராம் கம்பில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு உண்டு. தீட்டிய அரிசியில் 1 கிராம்கூடத் தேறாது. முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்புக்கு ஒன்றும் ஆகாது. திரித்தவுடன் காற்றுப் பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும், ஒரு வாரத்துக்குள் கசப்பு தட்டிவிடும். அதனால் மாவாக வாங்காதீர்கள். கம்பாக வாங்கி, இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, தோல் போக்காமல் அப்படியே அரைப்பது. ஆச்சி கம்பில் கையால் தண்ணீர் தெளித்துப் பிசறி, சிறிது நேரம் ஊறவிட்டு உரலில் போடுவாள். பக்கத்து வீட்டு அத்தையும் வந்துவிடுவாள். இருவரும் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது ஒன்றோடொன்று இடித்ததே இல்லை. சிதறும் கம்பைக் காலால் உரலுக்குள் தள்ளிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் கிட்டே போனால் திட்டு விழும். அப்புறம் சொளவில் அள்ளிப் புடைத்தால் தவிடு பறந்து, எங்கள் தலையெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். உரல் இல்லாத வீட்டில், தண்ணீர் தெளித்து ஊறிய கம்பை மிக்சியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு சுற்று ஓட்டினால் போதும். தோல் கழன்றுவிடும். துணியில் நிழலாற உலர்த்திப் புடைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் கூழ் தொண்டையில் அரிக்கும்.

புடைத்த கம்பை முழுதும் நைசாக அரைத்துவிடாதீர்கள். பாதி குருணை, பாதி மாவு என்று இருக்க வேண்டும். குருணை இல்லாத கூழ் பசை மாதிரி இருக்கும், வாயில் ஒன்றும் அகப்படாது.

கட்டி தட்டுவதற்குக் காரணம், கொதிக்கிற உலையில் மாவை அப்படியே கொட்டுவதுதான். ஒரு டம்ளர் கம்புக்கு நான்கு டம்ளர் தண்ணீர் அளந்து, அதில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியை உலை வைத்து, கொதித்ததும் முதலில் குருணையைப் போடுங்கள். அது முக்கால் பதம் வெந்த பிறகு, அந்த நான்கில் எடுத்து வைத்த தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்டுங்கள். கெட்டியானதும் பலர் இறக்கிவிடுகிறார்கள், அது பச்சை வாடை அடிக்கும். மூடிபோட்டுச் சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் விடவேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்து ஆச்சி கம்மஞ்சோற்றின் மேல் பட்டென்று வைத்து எடுப்பாள். விரலில் ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

ஆறியதும் உருண்டை பிடித்து, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வெளியே வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் புளிக்காது, வெறும் குளிர்ந்த சோறாகத்தான் இருக்கும். மண்பானை நல்லது, எவர்சில்வரும் சரி. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். உப்பையும் மோரையும் இரவிலேயே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. காலைக்குள் புளிப்பு ஏறிப்போகும். குடிக்கும்போது கரைத்தால் போதும். நூல் நூலாக இழுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் உங்கள் விருப்பம். உள்ளி என்கிற சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சுட்ட கருவாடு, எதுவும் பொருந்தும். உருண்டை ஊறிய நீத்தண்ணியை மட்டும் வீணாக்காதீர்கள். காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் வீட்டில் உப்புப் போட்டு முதலில் ஒரு செம்பு குடித்தது அதைத்தான். உருண்டை தூக்குவாளியில் கூடவே போகும்.